அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்கப் போகிறவர்கள் மாணவர் கிளப் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் கடைசியில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் 'குவாட் டே' என்ற மாணவர் கிளப் கண்காட்சி நடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி நடப்பதற்குப் பெயர் 'ஃபெஸ்டிஃபால்'. திரும்பிய பக்கமெல்லாம் மேசை, மேசைக்கு ஒரு கிளப், இலவசப் பேனா, ஸ்டிக்கர். ஊரிலிருந்து வந்து இறங்கிச் சில நாள்கூட ஆகாத மாணவர், ஜெட்லாக் தூக்கம் கண்ணில் இருக்க, கேட்ட இடத்திலெல்லாம் மெயில் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். செப்டம்பரில் இன்பாக்ஸ் நிரம்பி, அட்வைசர் (வழிகாட்டிப் பேராசிரியர்) அனுப்பிய மெயில் எங்கேயோ புதைந்துபோகும். அக்டோபரில் எல்லாவற்றையும் 'அன்சப்ஸ்கிரைப்' செய்துவிட்டு, கிளப்பே நமக்கு வேண்டாம் என்று லேபுக்குள் போய் உட்கார்ந்துவிடுவார்.

இரண்டுமே தவறுதான். பொறியியலில் மேற்படிப்புப் படிப்பவருக்கு நேரம் கொஞ்சம், அதைப் பிடுங்க ஆட்கள் நிறைய. அதனால் கிளப்பைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: உங்கள் லேப் உங்களுக்கு எதைத் தரவில்லை? லேபில் நாலு பேர்தான், எல்லாரும் ஒரே தலைப்பில் வேலை செய்கிறார்கள் என்றால் வேறு துறை ஆட்கள் வேண்டும். கைவேலையே இல்லாமல் சிமுலேஷன் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் பட்டறை வேண்டும். கம்பெனிக்காரர்கள் எட்டிப் பார்க்காத தியரி லேப் என்றால் அவர்கள் வரும் இடம் வேண்டும். இதை யோசிக்காமல் சேருவதில்தான் மற்ற தவறுகள் பெரும்பாலும் தொடங்குகின்றன.

சர்டிஃபிகேட் பழக்கம்

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும். சிம்போசியம், டிபார்ட்மென்ட் அசோசியேஷன், ஓ.டி. (வகுப்புக்கு வராமலிருக்க அனுமதி) வாங்கிக்கொண்டு பக்கத்துக் கல்லூரியில் பேப்பர் பிரசன்டேஷன், கடைசியில் ஃபைல் நிறைய சர்டிஃபிகேட். அந்த ஃபைலை அமெரிக்காவில் யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ரெஸ்யூமேயில் 'துணைத் தலைவர்' என்று இருந்தால், நேர்முகத்தில் வரும் அடுத்த கேள்வி 'என்ன செய்தீர்கள்?' என்பதுதான். ஐந்து கிளப்பில் பெயர் மட்டும் வைத்திருப்பவர் அந்த இடத்தில் திணறிப்போவார். ஒரே ஒரு கருத்தரங்கை முழுதாக நடத்தியவர், பேச்சாளர் கடைசி நேரத்தில் வராமல் போனதையும் அதைச் சமாளித்ததையும் சேர்த்து, கேட்காமலே பத்து நிமிடம் பேசுவார்.

பதவி இல்லாத வேலைகளுக்கும் மதிப்பு உண்டு. மிச்சிகன் பொறியியல் கல்லூரியில் இலையுதிர் காலத்தில் நடக்கும் பெரிய கேரியர் ஃபேரை நடத்துவதே எஸ்.டபிள்யூ.இ. (பெண் பொறியாளர் சங்கம்), டவ் பீட்டா பை (பொறியியல் கௌரவச் சங்கம்) என்ற இரண்டு மாணவர் அமைப்புகள்தான். இந்த மாதிரி இடத்தில் தன்னார்வலராகப் போகிறவர் காலையில் பேனரைத் தூக்கிக் கட்டுவார், மதியம் சாப்பாட்டுப் பெட்டியை மேசைக்குக் கொண்டுபோவார். ஆள் எடுக்க வந்தவர் அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டு, 'நீங்கள் என்ன படிக்கிறீர்கள்?' என்று கேட்பார். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வருகிறவருக்கு அந்தப் பேச்சு அமைவது அரிது.

எது எந்த அமைப்பு?

அதிகம் நஷ்டம் தருவது இந்தக் குழப்பம்தான். எல்லாவற்றையும் 'கிளப்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் நாலைந்து வகை இருக்கிறது.

முதலில், பட்ட மேற்படிப்பு மாணவர் சங்கம். டிபார்ட்மென்ட் அளவில் ஒன்று இருக்கும், பல்கலைக்கழக அளவில் ஒன்று இருக்கும். ஜி.எஸ்.ஏ., ஜி.பி.எஸ்.ஏ. என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். டிபார்ட்மென்ட் சங்கம் காபி நேரம் நடத்தும், புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும், பிஎச்.டி.யைத் தொடர எழுத வேண்டிய குவாலிஃபையர் தேர்வு முறை சரியில்லை என்றால் துறைத் தலைவரிடம் போய்ப் பேசும். பல்கலைக்கழகச் சங்கத்திடம் பல இடங்களில் பணம் உண்டு. மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவர்களுக்குப் பயண உதவித்தொகை தருவார்கள். செமஸ்டர் பில்லில் மாணவர் கட்டணம் என்று ஒரு வரி வருகிறதே, பெரும்பாலும் அதிலிருந்து போகிற பணம்தான் இது. அதாவது உங்கள் பணம். ஆனால் பல இடங்களில் பயணத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவைதான், போஸ்டரோ பேச்சோ உங்கள் பெயரில் இருக்க வேண்டும். போய்விட்டு வந்து போர்டிங் பாஸை நீட்டினால் கைவிரித்துவிடுவார்கள். கட்டுரை ஏற்கப்பட்டது என்று மெயில் வந்த அன்றைக்கே அந்த விதிப் பக்கத்தைத் திறந்து படிப்பது நல்லது.

இரண்டாவது, தொழில்முறைச் சங்கங்களின் கிளைகள். மின், மின்னணுத் துறைக்கு ஐ.இ.இ.இ., இயந்திரவியலுக்கு ஏ.எஸ்.எம்.இ., ஒளியியலில் இருப்பவர்களுக்கு ஆப்டிகா, எஸ்.பி.ஐ.இ. இப்படி. ஊரில் ஐ.இ.இ.இ. என்றால் டி-ஷர்ட்டும் ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பும்தான் என்று பழகியவர்கள் இங்கேயும் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். மாணவர் உறுப்பினருக்கு மாநாட்டுக் கட்டணம் குறையும். சில சங்கங்கள் கிளைப் பொறுப்பாளர்களை ஆண்டு மாநாட்டுக்கு வரவழைக்கப் பயணச் செலவிலும் பங்கு தருகின்றன. வெளியூர்ப் பேராசிரியரைப் பேச அழைத்து, விமான நிலையத்திலிருந்து காரில் கூட்டிவருகிற வேலை கிளை மாணவருக்குத்தான் வரும். போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பின் ஆராய்ச்சி வேலை) தேடும் பிஎச்.டி. மாணவருக்கு அந்தக் கார்ப் பயணம் சாதாரண விஷயமில்லை.

மூன்றாவது, யூனியன். மாணவர் சங்கம் வேறு, யூனியன் வேறு. டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்), ஆர்.ஏ. (ஆராய்ச்சி உதவியாளர்) வேலை பார்ப்பவர்களின் சம்பளம், மருத்துவக் காப்பீடு போன்றவற்றை ஒப்பந்தம் போட்டுப் பேசுவது யூனியன். 2022 கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் ஏறக்குறைய 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்து ஊதியத்தை உயர்த்திக்கொண்டது யூனியன் வழியாகத்தான். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் யூனியனில் சேரக்கூடாது என்று நம் ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது உண்டு. அப்படி எந்தத் தடையும் இல்லை. சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம்.

அப்புறம், கௌரவச் சங்கங்கள், அதாவது நன்றாகப் படிக்கிறவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அமைப்புகள். 'நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், இவ்வளவு டாலர் கட்டுங்கள்' என்று மெயில் வந்தால் உடனே கார்டை எடுக்க வேண்டாம். 1885-ல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டவ் பீட்டா பையும், 1904-ல் இல்லினாயில் தொடங்கி இப்போது ஐ.இ.இ.இ.யோடு இணைந்திருக்கும் ஈட்டா கப்பா நூவும் உண்மையான மதிப்பு உள்ளவை. மேற்படிப்பு மாணவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அவையும் சேரும்போது பணம் வாங்கத்தான் செய்யும், ஆகவே பணம் கேட்பது மட்டுமே மோசடிக்கு அடையாளமாகிவிடாது. உங்கள் வளாகத்தில் கிளை இருக்கிறதா, எந்தப் பேராசிரியர் பொறுப்பு என்று பாருங்கள். அந்தப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்ட முடிகிறது என்றால் சரி, இல்லையென்றால் மெயிலை அழித்துவிடுங்கள்.

எஸ்.டபிள்யூ.இ. பெண்களுக்கு மட்டும், என்.எஸ்.பி.இ. கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்குவதும் நடக்கிறது. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம். போனால் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு கேட்பது மரியாதை.

காலம் தவறுவது

கிளப் பொறுப்பாளர் தேர்தல் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் நடக்கும். எம்.எஸ். என்பது நாலு செமஸ்டர், சிலருக்கு மூன்றே. 'முதல் வருடம் படிப்பைப் பார்ப்போம், இரண்டாம் வருடம் கிளப்பைப் பார்ப்போம்' என்று இருப்பவர் இரண்டாம் வருட மார்ச்சில் தேர்தலுக்கு நிற்க முடியாது. மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். பொறுப்பு வேண்டும் என்றால் முதல் செமஸ்டரிலேயே முகம் தெரிந்திருக்க வேண்டும்.

பிஎச்.டி.யில் கணக்கு வேறு. குவாலிஃபையர் எழுதும் வருடத்தில் தலைவர் பதவி வேண்டாம். மூன்றாம் வருடம் வாக்கில், ஆராய்ச்சி கொஞ்சம் தடம் பிடித்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதற்கு முன் அட்வைசரிடம் சொல்லிவிட வேண்டும். மறைத்து வைத்தால் குரூப் மீட்டிங்கில் யாராவது 'உங்கள் நிகழ்ச்சி நன்றாக இருந்தது' என்று போட்டு உடைப்பார்கள், அதுவும் உங்கள் ரிசல்ட் வராத வாரமாகப் பார்த்து. 'வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகும், மே வரைக்கும்' என்று எண்ணோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் சரி என்றுதான் சொல்வார்கள்.

'சீனியர்' என்கிற நினைப்பு

ஃபார்முலா எஸ்.ஏ.இ. மாதிரியான போட்டிக்குக் கார் தயாரிக்கும் குழுவில் மேற்படிப்பு மாணவரும் சேரலாம், விதியில் இடமுண்டு. ஆனால் பட்டறையைப் பிடித்து நடத்துவது இளநிலை மாணவர்கள். சஸ்பென்ஷன் பிரிவுக்குப் பொறுப்பாளர் பத்தொன்பது வயதுப் பெண்ணாக இருப்பார். அவர் உங்களிடம் முதலில் லேத் மெஷினுக்குக் கீழே கிடக்கும் அலுமினியச் சுருளைக் கூட்டச் சொல்வார். 'நான் எம்.எஸ்., ஊரில் டீம் கேப்டனாக இருந்தவன்' என்று ஆரம்பித்தால் அன்றோடு தொலைந்தது. கூட்டிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் போய் நின்றால், டேம்பர் கணக்கில் சிக்கல் வரும்போது அவரே கூப்பிடுவார்.

விசா

வளாகத்துக்குள் சம்பள வேலை, செமஸ்டர் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். டி.ஏ. வேலையே அதை நிரப்பியிருக்கும். சில மாணவர் சங்கங்களில் தலைவருக்கும் பொருளாளருக்கும் ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) உண்டு. அது சம்பளமாகக் கணக்கானால் அந்த 20-க்குள் அடங்க வேண்டும். கன்சல்டிங் கிளப்புகளில் இன்னும் கவனம் தேவை. வெளிக் கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்துக் காசு வாங்கினால், சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த வேலைக்கான அனுமதி) போன்ற அனுமதி இல்லாமல் அது விசா விதிமீறல். 'காசே வாங்கவில்லை' என்பதும் எப்போதும் காப்பாற்றாது, சம்பளம் தந்து செய்ய வேண்டிய வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கலில் விடலாம். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்டு முடிவெடுக்கிற விஷயமில்லை இது.

ராக்கெட், சின்ன செயற்கைக்கோள் செய்யும் குழுக்களில் ஐட்டார் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாடு குறுக்கே வரலாம். சில பாகங்களையும் வரைபடங்களையும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவருக்குக் காட்டக்கூடாது. எல்லாக் குழுவிலும் இப்படி இல்லை. சேரும் நாளிலேயே கேட்டுவிட்டால், ஒரு வருடம் உழைத்தபின் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்காது.

நம் ஆட்கள், நம் பொங்கல்

இந்திய மாணவர் சங்கமும் தமிழ் மாணவர் குழுவும் முதல் இரண்டு வாரத்துக்கு உயிர்நாடி. விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வது, வீடு கிடைக்கும் வரை யாரோ ஒருவர் ஹாலில் படுக்க இடம் தருவது, எந்தக் கடையில் இட்லி அரிசி கிடைக்கும் என்பது வரை எல்லாம் அவர்கள்தான். அங்கேயே இரண்டு வருடமும் இருந்துவிடுவது தவறு. 'நம்ம ஆட்கள் பக்கமே போகமாட்டேன்' என்று விறைப்பாக இருப்பதும் அசட்டுத்தனம். ஜனவரியில், வெளியே பனி கொட்டும்போது, சர்க்கரைப் பொங்கலின் அருமை தெரியும்.

அந்தப் பொங்கல் விழாவில்தான் பணத் தவறுகளும் நடக்கின்றன. செயலாளர் சொந்தக் கார்டில் மளிகை வாங்குவார், கடைக்காரர் மொத்தத் தொகை மட்டும் போட்ட துண்டுச் சீட்டைத் தருவார். பல்கலைக்கழகக் கணக்கு அலுவலகம் பொருள் வாரியாகப் பில் கேட்கும், முன் அனுமதி எங்கே என்றும் கேட்கும். அப்பார்ட்மெண்டில் சமைத்துக் கொண்டுவந்து பொது நிகழ்ச்சியில் பரிமாறப் பல வளாகங்கள் விடுவதில்லை. உணவு அனுமதியோ பதிவு பெற்ற கேட்டரரோ வேண்டும். டிக்கெட் பணத்தைத் தனிப்பட்ட வென்மோ (பணம் அனுப்பும் ஆப்) கணக்கில் வாங்குவது எல்லாவற்றிலும் மோசம். யாரும் திருடவில்லை என்றாலும் கணக்கு கேட்கும்போது அப்படித்தான் தெரியும்.

ஒப்படைக்காமல் போவது

பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழக மெயில் ஐ.டி. சில மாதத்தில் முடங்கலாம். கிளப்பின் டிரைவ், இன்ஸ்டாகிராம், ஸ்பான்சர் முகவரிப் பட்டியல் எல்லாம் அந்த ஐ.டி.யில் இருந்தால் புது நிர்வாகம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். கிளப்பை வருடாவருடம் பதிவு புதுப்பிக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் சில கிளப்புகள் காணாமல் போயிருக்கின்றன. கிளப்புக்கென்று தனி மெயில் கணக்கு, வங்கியில் கையெழுத்து மாற்றம், மூன்று பக்கத்தில் ஒரு குறிப்பு, இவ்வளவு போதும். இதை ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். தீசிஸ் சமர்ப்பிக்கும் வாரத்தில் உட்கார நேரம் இருக்காது, மார்ஜின் சரியில்லை என்று கிராஜுவேட் ஸ்கூலிலிருந்து மெயில் மேல் மெயில் வந்துகொண்டிருக்கும்.