நீண்ட மலைநடைக்கு எத்தனை லிட்டர் பை வாங்குவது?

கடைக்குப் போய் மலையேற ஒரு பை வேண்டும் என்று கேட்டால், பல இடங்களில் முதலில் எடுத்துப் போடுவது 60, 70 லிட்டர் பையைத்தான் (பைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை லிட்டரில்தான் சொல்வார்கள்). "பெருசா வாங்கிட்டீங்கன்னா எல்லாத்துக்கும் ஆகுமுங்க" என்பார்கள். ஆகாது. பையில் இடம் இருந்தால் அதை நிரப்பாமல் நமக்கு மனசு கேட்காது, நிரப்பியதை ஐந்தாறு நாள் சுமக்க வேண்டியது நம் முதுகு. அதனால் பை வாங்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

1. ராத்திரிக்கு என்னென்ன தூக்க வேண்டும் என்று பாருங்கள்

எத்தனை நாள் நடை என்பதை வைத்து மட்டும் லிட்டரை முடிவு செய்ய முடியாது. கோவையிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை சுமார் 100 கிலோமீட்டர், நாள்கணக்கில் நடக்கிறோம். ஆனால் தைப்பூச சமயத்தில் வழியெல்லாம் அன்னதானமும் தண்ணீர்ப் பந்தலும் உண்டு, குழுவாகப் போனால் மூட்டைகள் பெரும்பாலும் கூடவே வரும் வண்டியில் ஏறிவிடும், தோளில் 20 லிட்டர் பை இருந்தால் தாராளம். வெள்ளியங்கிரிக்கும் அதே அளவுதான், மிஞ்சிப்போனால் 25: தண்ணீர், டார்ச், கொஞ்சம் தின்பண்டம், ஏழாவது மலைக் காற்றுக்கு ஒரு ஸ்வெட்டர்.

இமயமலைப் பக்கம் போனால் கணக்கு வேறு. அழைத்துப் போகிறவர்களே கூடாரம், ஸ்லீப்பிங் பேக், சாப்பாடு எல்லாம் கொடுத்துவிட்டால் ஐந்தாறு நாளுக்குக்கூட 40 முதல் 50 லிட்டர் போதும். கூடாரமும் அடுப்பும் அரிசி பருப்பும் நாமே சுமப்பதாக இருந்தால் 55 முதல் 65. எழுபதுக்கு மேல் போவது பனிக்காலத்துக்கோ, ஒரு வாரத்துக்கு மேல் கடையே கண்ணில் படாத வழிக்கோதான். முதல் தடவை போகிறவருக்கு அது வேண்டாம்.

இன்னொன்று, கொங்கு எக்ஸ்பிரஸில் டெல்லி வரைக்கும் போய்வருவதற்கான துணிமணிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு ஒரு சாதாரணப் பை எடுத்துக்கொண்டு, நடை தொடங்குவதற்கு முன் தங்குகிற விடுதியில் கேட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

2. அட்டைப்பெட்டியில் அளந்து பாருங்கள்

இது எனக்கு ரொம்பப் பிடித்த வழி. செலவும் இல்லை. கொண்டுபோக வேண்டியதையெல்லாம் தரையில் பரப்புங்கள். உடுத்திக்கொண்டு போகும் துணியையும் ஷூவையும் தள்ளிவிடுங்கள். மீதியை ஒரு அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். திருப்பூர்க்காரர்களுக்குப் பெட்டி கிடைப்பது ஒரு விஷயமே இல்லை, பனியன் கம்பெனிப் பெட்டி எந்தத் தெருவிலும் கிடைக்கும். அடுக்கிய பிறகு நீளம், அகலம், பொருள்கள் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வருவது லிட்டர். 45 × 35 × 30 என்றால் 47,250, அதாவது 47 லிட்டர். இவ்வளவு சாமானுக்கு 50 லிட்டர் பை சரி. பையின் மேல் 50+10 என்று போட்டிருந்தால் அந்தப் பத்து, மேலே இழுத்து நீட்டிக்கொள்ளும் கழுத்துப் பகுதி. அவசரத்துக்கு உதவும், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள், மேல் பாரம் கூடினால் நடையில் தள்ளாட்டம் வரும்.

3. எடை

பையும் தண்ணீரும் சேர்த்து உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. காலிப் பையே ஒன்றரை இரண்டு கிலோ வரும், இரண்டு லிட்டர் தண்ணீர் இரண்டு கிலோ, ஆக உங்கள் சாமான்களுக்கு மிஞ்சுவது எட்டு கிலோ சொச்சம். கூடினால் சாமானைக் குறையுங்கள். மூன்றாவது ஜீன்ஸை எடுத்து வெளியே வையுங்கள். சொல்லப்போனால் முதல் ஜீன்ஸும் வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.

4. முதுகை அளந்துகொள்ளுங்கள்

லிட்டரைவிட முக்கியமானது இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. நீங்கள் ஆறடி இருந்தாலும் முதுகு குட்டையாக இருக்கலாம், அதனால் உயரத்தை வைத்துப் பை வாங்கக் கூடாது.

தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப் ஒன்று எடுத்து, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள். தலையை முன்னால் குனிந்தால் கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும். அது தொடங்கும் புள்ளி. அப்புறம் இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றுங்கள், கட்டைவிரல்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கைக்குக் கீழே தட்டுப்படுவது இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து முதுகின் குறுக்கே ஒரு கோடு போட்டால் அது முடியும் புள்ளி. முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டி வைத்து அளக்கச் சொல்லுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும் என்றாலும், சுமாராக 40 முதல் 45 செ.மீ. ஸ்மால், 50 வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். பெண்களுக்கென்று தனியாக வரும் பைகளில் முதுகு நீளம் குறைவாகவும் தோளில் மாட்டும் பட்டைகள் நெருக்கமாகவும் இடுப்புப்பட்டை சாய்வாகவும் இருக்கும், அதையும் போட்டுப் பாருங்கள்.

5. கடையில்

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாங்கிவிடாதீர்கள். காலியாக இருந்தால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும். ஏழெட்டு கிலோ ஏதாவது உள்ளே போடச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டி, முதலில் இடுப்புப்பட்டையை அந்த இடுப்பெலும்பின் மேல் உட்கார வைத்து இறுக்குங்கள். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும், ரொம்பக் கீழே இறங்கினால் தொடை இடிக்கும். பிறகு தோளில் மாட்டும் பட்டை, அதற்குப் பிறகு தோளுக்கு மேலே இருக்கும் சின்னப் பட்டை, கடைசியாக நெஞ்சுப்பட்டை. இப்போது பாரத்தில் பெரும்பகுதி இடுப்பில் இறங்கியிருக்க வேண்டும். தோளில் மாட்டும் பட்டைக்கும் தோளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பையின் முதுகு உங்களுக்கு நீளம். இடுப்புப்பட்டை எலும்பைத் தாண்டி மேலே ஏறினால் குட்டை. கல்லூரிப் பையில் இடுப்புப்பட்டையே இருக்காது, அல்லது பேருக்கு ஒரு நாடா இருக்கும், நான்கு நாள் நடைக்கு அதை நினைக்கவே வேண்டாம்.

மழையுறை கூடவே வருகிறதா என்றும் பாருங்கள். அது முதுகுப் பக்கத்தை மூடாது, உள்ளே ஒரு கனமான பாலிதீன் பையை விரித்து அதற்குள் துணியை வைத்தால்தான் நனையாது.

6. டேக்கைக் கழற்றாமல் ஒரு நாள்

திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டுவிட்டு வாங்கி, முதலில் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் முழுப் பாரத்தோடு நடந்து, மாடிப்படி ஏறி இறங்குங்கள். கனமானவற்றை முதுகை ஒட்டி நடுவிலும், ஸ்லீப்பிங் பேக் மாதிரி லேசானதை அடியிலும் வைத்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் மருதமலையோ சென்னிமலையோ எது பக்கமோ அங்கே அதே பாரத்தோடு படியில் ஏறிப் பாருங்கள். சென்னிமலையில் 1,320 படி. இறங்கும்போது கவனியுங்கள்: பை முதுகில் இடமும் வலமும் ஆடுகிறதா, தோளில் ஒரே இடத்தில் எரிகிறதா என்று. பட்டைகளை மாற்றி மாற்றி இறுக்கியும் அது நிற்கவில்லை என்றால் அளவு தப்பு. அடுத்த அளவை வாங்கி மறுபடியும் போட்டுப் பாருங்கள்.