மட்டக்களப்பு வாவி நீரின் நுண்ணங்கிகளைத் தனித்தனிக் கலமாக ஆராய்தல்

வாவி நீரிலுள்ள பற்றீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை வளர்ப்பூடகத் தட்டில் வளர்வதேயில்லை. ஆகவே தட்டில் தோன்றும் கொலனிகளை மட்டும் எண்ணிவிட்டு வாவியை அறிந்துகொண்டதாகக் கருதுவது தவறு. கலங்களை நீரில் இருந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறைகளை எமது மாணவர்கள் கட்டாயம் பழக வேண்டும் என்பதே என் கருத்து.

எதை அறிய விரும்புகிறோம் என்பதைத் தோணியில் ஏறுமுன்னரே முடிவுசெய்ய வேண்டும். எண்ணுவதற்குக் கலங்களைப் போமலினில் (போமல்டிகைட்டின் நீர்க்கரைசல்) இட்டு, சிதையாதபடி நிலைப்படுத்தலாம். ஆனால் போமலின் டி.என்.ஏ.யைச் சிதைப்பதால், ஒரே கலத்தின் மரபணுத்தொகுதியை வாசிக்க எண்ணுபவர் அந்தப் போத்தலில் ஒரு துளியும் சேர்க்கலாகாது. பாலமீன்மடு முகத்துவாரத்து நீரும் வலையிறவுப் பாலத்தடி நீரும் ஒரே உவர்ப்புடையவை என்று கொள்ளாமல், ஒவ்வோரிடத்திலும் உவர்ப்பையும் வெப்பநிலையையும் அளந்து போத்தலின் மீதே குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதற்கு, 18 மில்லிலீற்றர் நீருக்கு 37 சதவீதப் போமல்டிகைட்டு உள்ள போமலின் 1 மில்லிலீற்றர் சேர்த்தால் போமல்டிகைட்டின் இறுதிச் செறிவு ஏறத்தாழ 2 சதவீதமாகும். போமலினை முதலில் 0.2 மைக்கிரோமீற்றர் வடியினூடாக வடிக்காவிட்டால், அதிலுள்ள துகள்களும் கணக்கில் சேர்ந்துவிடும். மாதிரியை இருளில் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவந்து, டி.என்.ஏ.யுடன் பிணையும் டாப்பி (DAPI) சாயமிட்டு, 0.2 மைக்கிரோமீற்றர் துளையுள்ள கறுப்புப் பொலிகாபனேற்று வடியில் 1 மில்லிலீற்றரை வடித்து, புற ஊதா ஒளியூட்டிய புளொரொளிர்வு நுணுக்குக்காட்டியில் பாருங்கள், டி.என்.ஏ. உள்ள கலங்கள் நீலமாக ஒளிரும். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் சேறு கலந்த நீரில் களிமண் துகள்களும் சாயத்தைப் பிடித்துக்கொள்வதால், அப்போது இன்னும் குறைவாக வடிப்பதே நல்லது. பல பார்வைப்புலங்களில் மொத்தம் முந்நூறு கலங்களாவது எண்ணி, ஒரு பார்வைப்புலத்துக்கான சராசரியை வடியின் பயன்படு பரப்பால் (நீர் வடிந்த பகுதியின் பரப்பு) பெருக்கி, ஒரு பார்வைப்புலத்தின் பரப்பாலும் வடித்த கனவளவாலும் வகுத்து, போமலின் ஐதாக்கலுக்காக 19/18 ஆல் பெருக்கினால் மில்லிலீற்றருக்கான தொகை கிடைக்கும்.

இனங்காண்பதற்கு ஃபிஷ் (FISH) முறை உதவும். சாயம் பூட்டிய குறுகிய டி.என்.ஏ. துண்டு ஒன்று, தனக்குப் பொருந்தும் இனத்தின் றைபோசோம் (கலத்தில் புரதம் ஆக்கும் நுண்ணுறுப்பு) ஆர்.என்.ஏ.யுடன் கலத்தினுள்ளேயே பிணைகிறது. எந்த ஆர்.என்.ஏ.யுடனும் பொருந்தாத துண்டொன்றையும் கூடவே சோதியுங்கள்; அதனோடும் கலங்கள் ஒளிர்ந்தால் அந்த ஒளியை நம்ப முடியாது. சயனோபற்றீரியாக்கள் சாயமின்றியே சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ ஒளிர்வதால், சாயமிடாத வடி ஒன்றைப் பார்க்காமல் வாவியைப் பற்றி எதையும் எழுதக்கூடாது.

தனிக்கல மரபணு ஆய்வே இவற்றுள் மிகக் கடினமானது. 1 மில்லிலீற்றர் நீருக்கு, ரி.ஈ. (TE) எனும் தாங்கற்கரைசல் கலந்த கிளிசரோல் 0.1 மில்லிலீற்றர் சேர்த்து, உடனே உறைய வைத்து −80 பாகையில் பேண வேண்டும். பின்னர் கலம்பிரிக்கும் கருவியால் ஆய்வுத் தட்டின் குழிக்கு ஒரு கலமாக இட்டு, அதை உடைத்து, பை29 (phi29) நொதியத்தால் 30 பாகையில் டி.என்.ஏ.யைப் பெருக்குவார்கள். ஒரு பற்றீரியாவில் இருப்பது சில பெம்ரோகிராம் (ஒரு பெம்ரோகிராம் 10⁻¹⁵ கிராம்) டி.என்.ஏ. மட்டுமே, அதனால் பெருக்கம் சீராக அமையாது, சில பகுதிகள் விடுபடும், கரைசலிலுள்ள அந்நிய டி.என்.ஏ.யும் சேர்ந்தே பெருகும். கலம் இடாத வெற்றுக் குழிகளிலும் அதே டி.என்.ஏ. வரிசை தோன்றினால், அது வாவியிலிருந்து வந்ததல்ல என்று நீக்கிவிடுங்கள்.