ஈரான் ஷாவின் வீழ்ச்சியை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரானின் கடைசி மன்னர் முகமது ரெசா ஷா பகலவி 1979 புரட்சியில் அரியணை இழந்த கதையில் எண்ணெய், வல்லரசு, உளவு நிறுவனம் ஆகிய மூன்றும் ஒருசேர இருப்பதால், பன்னாட்டு அரசியல் எழுத வரும் இளைஞர்கள் பலர் முதல் கட்டுரைக்கே அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைத் திருத்தித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அவர்கள் வழுக்கும் இடங்கள் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை என்பதைப் பார்த்துவருகிறேன். புரட்சிக்குத் தலைமை தாங்கிய மதகுரு கொமெய்னியையும் அவருக்குப் பின் வந்த கமேனியையும் குழப்பிக்கொள்வது, பாரசீகப் பெயர்களைப் பக்கத்துக்கு ஒரு விதமாக எழுதுவது போன்றவற்றை ஒருமுறை சுட்டிக்காட்டினால் சரியாகிவிடும். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். கட்டுரையின் வாதத்தையே கவிழ்த்துவிடும் தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1953-ஐயும் 1979-ஐயும் ஒரே நிகழ்வாக எழுதுவது

1953 ஆகஸ்டில் கவிழ்க்கப்பட்டது பிரதமர் முகமது மொசாதெக்கின் அரசு. முடியாட்சி அப்போது கவிழவில்லை, மாறாக வலுப்பெற்றது. 1951-இல் ஈரான் நாடாளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியபோது, அதுவரை அதைத் தன் கையில் வைத்திருந்த ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய் நிறுவனத்தில் பெரும்பான்மைப் பங்கு பிரிட்டிஷ் அரசிடமே இருந்தது. ஈரானின் எண்ணெயை எவரும் வாங்காதபடி பிரிட்டன் தடுத்தது. பிறகு பிரிட்டிஷ் உளவுத்துறையும் அமெரிக்காவின் சிஐஏவும் சேர்ந்து ஆட்சிக் கவிழ்ப்புக்குத் திட்டமிட்டன. ஆகஸ்ட் 15 இரவு நடந்த முதல் முயற்சி தோற்றவுடன் ஷா பாக்தாதுக்கும் அங்கிருந்து ரோமுக்கும் ஓடினார். 19-ஆம் தேதி நடந்த இரண்டாம் முயற்சி வென்றதால் திரும்பிவந்தார். ஈரானின் எண்ணெயை எடுக்க மறு ஆண்டு உருவான நிறுவனக் கூட்டமைப்பில் பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 விழுக்காடு, அமெரிக்க நிறுவனங்களுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சு நிறுவனத்துக்கு 6 என்று பங்கு பிரிக்கப்பட்டது. ஆட்சிக் கவிழ்ப்பில் தன் கை இருந்ததை ஒப்புக்கொள்ளும் சிஐஏ ஆவணமே 2013-இல் வெளியாகிவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. இவ்வளவு தெளிவான சான்று 1953-க்கு இருப்பதால், 1979-க்கும் அப்படியொரு கோப்பு எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று எழுதுபவர் தாமாக முடிவுசெய்துகொள்கிறார். ஒரு குற்றத்துக்கான சான்றை வைத்து இருபத்தைந்து ஆண்டு கழித்து நடந்த இன்னொன்றுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

ஈரானை அரபு நாடு என்று குறிப்பிடுவது

ஈரான் அரபு நாடு அன்று. 1973-இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையில் ஈரான் சேரவும் இல்லை.

ஷாவைக் கடைசிவரை பொம்மையாகவே காட்டுவது

1953-இல் வெளியாரின் கையால் அரியணையைக் காத்துக்கொண்டவர், 1973 டிசம்பரில் டெஹ்ரானில் கூடிய வளைகுடா எண்ணெய் நாடுகளின் கூட்டத்தில் ஒரு பீப்பாயின் அறிவிப்பு விலையை 5.12 டாலரிலிருந்து 11.65 டாலராக உயர்த்த முன்னின்றார். வாஷிங்டன் கேட்டும் அவர் விலையை இறக்கவில்லை. அமெரிக்காவுக்கு அடங்கியவர், அமெரிக்காவை மீறியவர் என்ற இரண்டு ஷாக்களும் ஒரே மனிதர்தான். இருவரையும் ஒரே கட்டுரைக்குள் உட்காரவைக்கத் தெரியாதவர்கள் பாதியிலேயே ஒருவரை வெளியே அனுப்பிவிடுகிறார்கள்.

‘விலையை உயர்த்தினார், அதனால் மேற்கு நாடுகள் அவரை அகற்றின’ என்று எழுதுவது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த கட்டுரையில் நேர்த்தியான வரைபடம் ஒன்று இருந்தது. மேல்கோட்டில் எண்ணெய் விலை, கீழ்க்கோட்டில் ஈரானின் போராட்டங்கள், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ‘குவாதலூப் மாநாடு’ என்று சிவப்பு மையில் ஒரு குறி. ‘எண்ணெய் ஏற்றுமதியை நிறுத்தியது யார்?’ என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை; கட்டுரையிலும் இல்லை. பன்னிரண்டு பக்கங்களில் அமெரிக்க அதிபர் கார்ட்டர், முன்னாள் வெளியுறவு அமைச்சர் கிசிங்கர், பிரிட்டிஷ் பெட்ரோலியம், பிபிசியின் பாரசீக ஒலிபரப்பு எல்லாம் இருந்தன. ஒரேயொரு எண்ணெய்த் தொழிலாளி கூட இல்லை.

இந்த வாதம் ஏன் நிற்காது என்பதற்கு முதல் காரணம் காலவரிசை. விலையைப் பற்றிய பூசல் உச்சத்தில் இருந்தது 1973-க்கும் 1976-க்கும் இடையில். 1977 நவம்பரில் ஷா வாஷிங்டனுக்குச் சென்றபோது, வெள்ளை மாளிகைக்கு வெளியே நடந்த கைகலப்பில் காவல்துறை வீசிய கண்ணீர்ப்புகை உள்ளே காற்றில் வந்து ஷாவும் கார்ட்டரும் கண்களைத் துடைத்துக்கொண்ட காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே பயணத்தில், அடுத்த ஆண்டுக்கு விலை உயராமல் பார்த்துக்கொள்ள ஒத்துழைப்பதாக ஷா ஒப்புக்கொண்டதைத்தான் யாரும் எழுதுவதில்லை. டிசம்பரில் காரகாஸில் கூடிய, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் கூட்டம் விலை உயர்வின்றியே முடிந்தது. ஆண்டின் கடைசி இரவில் டெஹ்ரானுக்கு வந்த கார்ட்டர், ஈரானை நிலைத்தன்மையின் தீவு என்று விருந்தில் புகழ்ந்தார். கோம் நகரில் போராட்டக்காரர்கள் மேல் முதல் துப்பாக்கிச் சூடு நடந்தது அதற்குப் பிறகு, 1978 ஜனவரி 9 அன்று. விலையை உயர்த்தியபோது விட்டுவைத்தவர்கள், விலையை நிறுத்திவைக்க இறங்கிவந்த பிறகு தண்டித்தார்கள் என்று சொல்பவர் அதற்குக் காரணமும் சொல்லக் கடமைப்பட்டவர்.

இரண்டாவது, ஆதாயக் கணக்கு. அமெரிக்க ஆயுதங்களை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் ஈரான் முன்னணியில் இருந்தது. சோவியத் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்க பெஹ்ஷஹரிலும் கப்கானிலும் அமைத்திருந்த நிலையங்கள் அமெரிக்காவுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காதவை. புரட்சியில் இரண்டும் போயின. கோடிக்கணக்கான டாலர் ஆயுத ஒப்பந்தங்களும் போயின. புரட்சிக்கு முன் 13 டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை 1980-இல் 30 டாலரைத் தாண்டியது. விலையைக் கட்டுப்படுத்துவதற்காகப் போட்ட திட்டம் இது என்றால், அதைப் போட்டவர்களைப் போன்ற முட்டாள்கள் உலகில் இருந்திருக்க முடியாது. ‘எண்ணெய் நிறுவனங்களுக்கு இலாபம் கிடைத்ததே’ என்று உடனே மறுப்பு வரும். கிடைத்தது. ஆனால் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் காகத்தின் மேல் வழக்குப் போடுவதில்லை. நிகழ்வால் ஆதாயம் அடைந்தவர் நிகழ்வை நடத்தியவர் என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டும்.

மூன்றாவது, கிடைக்கும் ஆவணங்கள் சதியைக் காட்டவில்லை, குழப்பத்தைத்தான் காட்டுகின்றன. 1978 ஆகஸ்டில் கூட, ஈரான் புரட்சிக்கு முந்தைய நிலையில் கூட இல்லை என்றுதான் சிஐஏ மதிப்பிட்டது. ஷா இல்லாத ஈரானைப் பற்றி யோசிக்கத் தொடங்க வேண்டும் என்று டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதர் வில்லியம் சல்லிவன் வாஷிங்டனுக்குத் தந்தி எழுதியது நவம்பர் 9 அன்று. அதற்குள் தலைநகரில் வங்கிகளும் திரையரங்குகளும் எரிந்து முடிந்து, இராணுவ அரசும் அமைந்துவிட்டது. அமெரிக்க, பிரிட்டிஷ், பிரெஞ்சு, மேற்கு ஜெர்மன் தலைவர்கள் குவாதலூப்பில் கூடியது 1979 ஜனவரி 4 முதல் 7 வரை. அந்த நாளில் ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி நின்று ஒரு வாரம் ஆகியிருந்தது. ஷா நாட்டை விட்டுப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த எதிரணித் தலைவர் ஷாபூர் பக்தியாரை ஷாவே பிரதமராக ஏற்றிருந்தார். முடிந்துபோன ஒன்றைப் பற்றிப் பேசத்தான் அந்தத் தலைவர்கள் உட்கார்ந்தார்கள்.

அப்படியானால் எண்ணெயை நிறுத்தியது யார்? 1978 செப்டம்பர் 8 அன்று டெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் படையினர் கூட்டத்தின் மேல் சுட்டார்கள். மறுநாளே டெஹ்ரான் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அக்டோபரில் அபாதான் ஆலையும் தென்மேற்கு மாகாணமான கூசெஸ்தானின் எண்ணெய் வயல்களும் சேர்ந்துகொண்டன. அஹ்வாஸ் ஊழியர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் இராணுவச் சட்டத்தை விலக்குவதும் அரசியல் கைதிகளை விடுவிப்பதும் எண்ணெய்த் தொழிலிலிருந்து வெளிநாட்டவரை அனுப்புவதும் இருந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 60 லட்சம் பீப்பாயாக இருந்த உற்பத்தி, சில வாரங்களில் அதில் கால்பங்கு அளவுக்குச் சரிந்தது. இராணுவ அரசு படைகளை அனுப்பி மிரட்டியதில் நவம்பரில் கொஞ்சம் மீண்டது. டிசம்பரில் மறுபடியும் விழுந்தது. சவூதி அரேபியாவுக்கு அடுத்தபடியாக உலகில் அதிகம் ஏற்றுமதி செய்த நாடு, ஆண்டு முடிவதற்குள் ஏற்றுமதியே இல்லாத நாடாகிவிட்டது.

அந்தக் குளிர்காலத்தில் எண்ணெய் வளம் கொழிக்கும் நாட்டின் மக்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். பாரிஸுக்கு அருகில் தங்கியிருந்த கொமெய்னி, உள்நாட்டுத் தேவைக்கு மட்டும் எண்ணெய் எடுக்கும்படி தொழிலாளர்களிடம் பேசுவதற்காக எதிரணித் தலைவர் மெஹ்தி பசர்கானின் தலைமையில் ஒரு குழுவைக் கூசெஸ்தானுக்கு அனுப்பினார். ஷாவின் தளபதிகள் துப்பாக்கி முனையில் சாதிக்க முடியாததை இந்தக் குழு பேசிச் சாதித்தது. ஈரானில் ஆட்சி கைமாறிய கணம் எது என்று என்னைக் கேட்டால், ஷா விமானம் ஏறிய ஜனவரி 16-ஐயோ, படைத்தளபதிகள் நடுநிலை அறிவித்த பிப்ரவரி 11-ஐயோ சொல்ல மாட்டேன். இந்தப் பேச்சுவார்த்தையைத்தான் சொல்வேன். எண்ணெயைத் திறக்கவும் மூடவும் யாருடைய சொல் செல்லும் என்பது அங்கே தெரிந்துவிட்டது.

வெளிநாட்டுச் சதி என்ற நம்பிக்கைக்கு ஈரானிலேயே வேர் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். முல்லாவின் தாடியைத் தூக்கிப் பார்த்தால் ‘இங்கிலாந்தில் தயாரானது’ என்று எழுதியிருக்கும் என்று அங்கே ஒரு சொல்வழக்கு உண்டு. நாட்டை இழந்த பின் எழுதிய நினைவுக் குறிப்பில் ஷாவும் எண்ணெய் நிறுவனங்களையும் மேற்கு நாடுகளையும் குறைசொன்னார். அவர் அப்படி நினைத்தார் என்பது வரலாற்றில் இடம்பெற வேண்டிய செய்திதான். ஏனெனில் அந்த நினைப்பே அவரது கையைக் கட்டியது. தெருவில் திரண்டவர்களிடம் பேசியிருக்க வேண்டிய மாதங்களை, அமெரிக்க, பிரிட்டிஷ் தூதர்களின் மனதில் என்ன இருக்கிறது என்று துருவுவதில் அவர் செலவிட்டார். அவருடைய நினைப்பைச் சான்றாக எடுத்துக்கொள்வது வேறு விஷயம்.

அந்நியச் செல்வாக்கே இல்லை என்று எழுதுவது

மேலே சொன்னதைக் கேட்டவுடன் சிலர் மறுகரைக்குத் தாவிவிடுகிறார்கள். 1953-இன் நினைவு இல்லாமல் 1978-இன் கோபத்தை விளக்க முடியாது. அமெரிக்கப் படையினர் ஈரானில் குற்றம் செய்தால் ஈரானிய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்ற 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துப் பேசியதற்காகத்தான் கொமெய்னி நாடு கடத்தப்பட்டார். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன், அணு ஆயுதம் தவிர ஷா கேட்கும் ஆயுதம் எதையும் விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்.

எண்ணெய் அரசியலில் வெளியிலிருந்து விழுந்த உண்மையான அடி எது என்றால், 1976 டிசம்பரில் தோஹாவில் விழுந்ததைச் சொல்லலாம். ஈரானும் பிற ஒபெக் நாடுகளும் விலையை 10 விழுக்காடு உயர்த்த முடிவுசெய்தபோது, சவூதி அரேபியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் 5 விழுக்காட்டோடு நின்றன. விலை மலிவான இடத்துக்கு வாங்குபவர்கள் நகர்ந்தார்கள். எதிர்பார்த்த வருவாய் வராததால், 1977-இல் பிரதமரான ஜம்ஷித் அமூஸெகார் அரசுச் செலவைச் சுருக்கினார். கட்டுமான வேலைகள் குறைந்து, கிராமங்களிலிருந்து தலைநகருக்கு வந்திருந்த இளைஞர்கள் வேலையிழந்தார்கள். இது நெருக்கடிக்கு வழிவகுத்த அழுத்தம். மன்னரை அகற்றும் திட்டம் அன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் வரலாற்று எழுத்து நடக்க வேண்டும்.

எண்ணெய்ப் பணம் வந்தது என்று எழுதி, அது செய்ததை விட்டுவிடுவது

வந்த பணம் விலைவாசியை ஏற்றியது. ஏறிய விலைக்குக் கடைக்காரர்கள்தான் காரணம் என்று 1975-இல் அரசு அவர்களுக்குத் தண்டமும் சிறையும் விதித்தது. வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களுக்குப் பின்னாளில் பணம் கொடுத்துத் தாங்கியது அதே கடைவீதிதான்.

‘கார்ட்டர் கைவிட்டார்’ என்று ஒரு வரியில் முடிப்பது

எந்தக் கார்ட்டர்? உறுதியாக நில்லுங்கள் என்று தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரெசின்ஸ்கி சொல்லிக்கொண்டிருந்தார்; மாற்று அரசைத் தேடுங்கள் என்று சல்லிவன் எழுதிக்கொண்டிருந்தார்; ஈரானின் தளபதிகளைச் சிதறாமல் வைத்திருக்க அமெரிக்க ஜெனரல் ஹைசர் ஜனவரியில் அனுப்பப்பட்டார். மூவரையும் எழுதுங்கள், அல்லது அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஈராக், லிபியாவோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது

1958 ஜூலை 14 அன்று ஈராக்கின் இரண்டாம் ஃபைசலையும், 1969 செப்டம்பர் 1 அன்று லிபியாவின் இத்ரிஸையும் வீழ்த்தியவர்கள் இராணுவ அதிகாரிகள். ஈராக்கில் மேற்கத்திய எண்ணெய்க் கூட்டு நிறுவனம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. பயன்படுத்தாத சலுகை நிலங்களை அரசு பறித்தது 1961-இல், நாட்டுடைமை வந்தது 1972-இல். லிபியாவில் கடாஃபி நிறுவனங்களோடு விலைக்காக மோதியது மன்னர் போன மறு ஆண்டில். அந்த இரண்டு நாடுகளிலும் முதலில் மன்னர் போனார், எண்ணெய்ச் சண்டை பிறகு வந்தது. ஈரானில் எண்ணெய் நின்ற பிறகுதான் மன்னர் போனார்.