சிரிப்பும் துயரமும் ஒரே பாட்டில்: நான் செய்து, இப்போது பிறர் செய்யக் காணும் தவறுகள்

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடைபெறும் வாரங்களில், தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, கிட்டாருடன் மேடையேறும் இளையர் சிலர் தங்கள் பாடல்களை என்னிடம் பாடிக் காட்ட வருவது வழக்கமாகிவிட்டது. இவ்வாண்டு வந்த எழுவரில் ஐவர், கேட்பவரைச் சிரிக்கவைத்துப் பிறகு கண்கலங்க வைக்கும் பாட்டை எழுதப் பார்த்திருந்தார்கள். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனால் நான் முன்பு எங்கெங்கே வழுக்கினேனோ அங்கங்கேயே அவர்களும் வழுக்கினார்கள். சுருதி பிசகுவது, எதுகைக்காகப் பொருளைப் பலியிடுவது போன்றவை பாடப் பாடத் தாமாகவே தெரியவரும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

நகைக்கு ஒரு பொருள், அழுகைக்கு வேறொரு பொருள்

ஓர் இளைஞரின் பாட்டில் முதற்பாதி எம்ஆர்டி ரயில் தாமதத்தைக் கேலி செய்தது. பிற்பாதி அவருடைய பாட்டியின் மறதி நோயைப் பற்றியது. இரண்டு பாதிகளும் நன்றாகவே இருந்தன, ஆயினும் அவை இரண்டு பாட்டுகள். பேச்சுவாக்கில் அவர் வேறொன்றைச் சொன்னார்: பாட்டி ஒரே மாலையில் மூன்று முறை "தேத்தண்ணி குடிச்சியா?" என்று கேட்டு, மூன்று முறையும் கலக்கிக் கொடுத்தாராம். முதல் குவளையில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் சிரிப்பு வருகிறது, மூன்றாவதில் அது நின்றுவிடுகிறது. முழுப் பாட்டும் அந்தக் குவளைகளிலேயே இருக்க, அவர் ரயிலைத் தேடிப் போயிருந்தார்.

பழைய தனிப்பாடல் ஒன்று இதை எப்படிச் செய்கிறது என்று பாருங்கள். பசு கன்று ஈனுகிறது, மழை கொட்டுகிறது, வீடு இடிந்து விழுகிறது, மனைவிக்கு உடல் நோகிறது, அடிமை சாகிறான். ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட ஓடுபவனை வழியில் கடன்காரர் மறிக்கிறார்கள், சாவோலை எதிரே வருகிறது, தட்ட முடியாத விருந்து வருகிறது, பாம்பு கடிக்கிறது, அரசன் வரி கேட்கிறான். எல்லாவற்றுக்கும் முடிவில் குருக்கள் வந்து தட்சணை கேட்கிறார். நமக்குச் சிரிப்பு வருவது அந்தக் கடைசிக் கோரிக்கையில்தான். அது வருவதற்குக் காரணம் அதற்கு முன்னால் குவிந்து கிடக்கும் துயரம். "ஐயோ" என்ற சொல் அப்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை.

மௌனத்துக்கு அஞ்சி ஒரு வரி சேர்ப்பது

இதை எழுதும்போது இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிறது.

என் தந்தையார் மறைந்த பிறகு நான் எழுதிய பாட்டு ஒன்று உண்டு. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவருடைய உடல் வைக்கப்பட்டிருந்தது. மண்டாய் தகனச்சாலைக்குச் செல்லும் ஊர்தி வந்து நின்றபோது, என் மாமா ஒருவர் அழுத கண்களோடு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் பதிவெண்ணைக் குறித்துக்கொண்டார். இவ்வூரில் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நான்கு இலக்க எண்ணுக்குப் பரிசு தரும் நாலு நம்பர் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களிலும் நடக்கிறது. இங்குள்ள வாகனப் பதிவெண்ணில் இலக்கங்கள் நான்குக்கு மேல் போவதில்லை. போகிறவர் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவார் என்ற நம்பிக்கை தமிழரிடத்திலும் உண்டு, சீனரிடத்திலும் உண்டு. ஒரு குலுக்கலில் பரிசு விழுவது 10,000 எண்களில் 23 எண்களுக்குத்தான் என்று தெரிந்தும், என் தந்தையார் 30 ஆண்டுகள் ஒரே எண்ணை வாங்கினார். ஆறுதல் பரிசுக்கு மேல் அது எதையும் தந்ததில்லை. பாட்டின் நடுப்பகுதி இவ்வாறு இருந்தது:

ஊர்தி எண்ணை மாமா குறித்துக்கொண்டார்,
புளோக் எண்ணைச் சித்தப்பா கேட்டுக்கொண்டார்,
அப்பா முப்பது ஆண்டாய் வாங்கிய எண்ணை
அன்றைக்கு வாங்க ஆளில்லை.

முதன்முறை ஒரு சிறு அரங்கில் இதைப் பாடியபோது, முதல் இரண்டு வரிகளுக்கு எல்லாரும் சிரித்தார்கள். நான்காவது வரிக்குப் பிறகு எவரிடமிருந்தும் ஓசையில்லை. நான்கைந்து வினாடிகள்தாம் இருக்கும், ஆனால் மேடையில் நிற்பவனுக்கு அது பெரும்பொழுது. பாட்டு தோற்றுவிட்டது என்று நினைத்தேன். ஆகவே அடுத்த நிகழ்ச்சியில் அவ்விடத்தில் பேச்சாக ஒரு வரியைச் சேர்த்தேன்: "வாங்கியிருந்தால் பாதி எனக்கு!" அரங்கம் அதிர்ந்தது. அதன் பிறகு அந்த அதிர்வுக்காகவே நான்காவது வரியை விரைந்து பாடி முடிக்கத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளில் அது "நாலு நம்பர் பாட்டு" ஆயிற்று. திருமண விருந்துகளில் விரும்பிக் கேட்டார்கள். நேரமில்லை என்று ஓர் ஏற்பாட்டாளர் கடைசி இரண்டு சரணங்களை நீக்கச் சொன்னபோது அதற்கும் இசைந்தேன். ஆறு ஆண்டுகள் அப்படியே பாடினேன். ஊர்தி எண்ணைக் குறித்த அதே மாமா ஒருநாள் நிகழ்ச்சிக்கு வந்திருந்து, முடிந்தபின் என் தோளில் கைவைத்துக் கேட்டார்: "உங்க அப்பாவப் பத்தி ஒரு பாட்டு எழுதியிருக்கேன்னு சொன்னாங்களே, அத ஏன்டா பாடல?"

அவர் முன்வரிசையில் அமர்ந்து அதை முழுவதும் கேட்டிருந்தார்.

எங்கே தவறியது என்பதை, உணர்ச்சிகள் எதனால் பிறக்கின்றன என்று சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை வைத்துப் பின்னர்தான் எனக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலும் நகை பிறக்கும் என்கிறது அது; அழுகை பிறக்கும் நான்கில் ஒன்று இழவு. மாமாவும் சித்தப்பாவும் எண்ணைக் குறித்தது பேதைமை. இழவு வீட்டில் இயல்பாக நிகழ்வது, அன்போடு சேர்ந்தே நிகழ்வது. ஆகவே அந்தச் சிரிப்பு கேட்பவரை அந்தக் கீழ்த்தளத்துக்கே அழைத்துவந்தது. நான் சேர்த்த வரியோ எள்ளல். தந்தையின் சாவைத் தொலைவில் நின்று பார்க்கும் மகனின் குரல் அதில் இருந்தது; உண்மையில் நான் அப்படி நிற்கவில்லை.

இவ்வாண்டும் இருவர் இதையே செய்தார்கள். அவர்களில் ஒருவர், "ரொம்பக் கனமா இருந்தா ஆளுங்க கைப்பேசிய எடுத்துருவாங்க அண்ணே," என்று வாதிட்டார். எடுக்கட்டும். எடுக்காமல் அமர்ந்திருக்கும் ஒருவருக்காக அந்த நான்கு வினாடிகளை விட்டுவையுங்கள். நான் சேர்த்த அவ்வரியைப் பாட்டிலிருந்து நீக்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் இன்றும் சில நிகழ்ச்சிகளில், நான்காவது வரி முடிந்தவுடன், கூட்டத்திலிருந்து எவராவது ஒருவர் அதை உரக்கச் சொல்லிவிடுகிறார். என் வாயிலிருந்து போனதை அவர்கள் வாயிலிருந்து திரும்பப் பெற எனக்கு வழி தெரியவில்லை.

சிரிப்புக்கு இடம் விடாதது

கூட்டம் சிரிக்கும்போது அடுத்த வரியை எவரும் கேட்பதில்லை. நிமிடத்துக்கு 90 தட்டு வேகத்தில், நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்று ஏறத்தாழ 2.7 வினாடி நீடிக்கும். சிரிப்பு வரிக்குப் பின் அப்படி ஒரு சுற்றேனும் வெறும் கிட்டாராக இருக்கட்டும். சிரிப்பு எழாத நாளிலும் அந்தச் சுற்றை வாசித்தே ஆக வேண்டும். இல்லையெனில் நீங்கள் தடுமாறியது வெளியே தெரிந்துவிடும்.

சொல்லோடு மெட்டும் சேர்ந்து அழுவது

சொல்லே அழும் இடத்தில் சோக ராகமான முகாரியைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

எளிதாகச் சிரிக்கவைக்க வரி முடிவில் "லா" போடுவது

சிங்கப்பூர்ப் பேச்சில் வாக்கிய முடிவில் ஒட்டிக்கொள்ளும் அந்த அசை, ஒரு பாட்டில் ஒருமுறை. அதுவும் அப்படிப் பேசும் பாத்திரமாக இருந்தால்.

பாடுமுன் விளக்கவுரை

வேண்டாம்.

குறிலையும் நெடிலையும் மெட்டின் கையில் விடுவது

தமிழில் ஓர் உயிரை இழுத்துப் பாடினால் சொல்லே மாறிவிடும். மலை மாலையாகும், பல் பாலாகும். சோக வரிகளைத்தான் நாம் பெரும்பாலும் இழுத்துப் பாடுகிறோம் என்பதால் விபத்து நேர்வதும் அங்கேதான், அதில் எழும் சிரிப்பு நாம் கேட்டு வாங்கிய சிரிப்பாக இருப்பதில்லை. லகர ளகரத்தை நம்பிய சிலேடையும் ஒலிவாங்கியில் கரைந்துவிடும்.

இவ்வாண்டு வந்தவர்களில் ஓர் இளம்பெண், பெற்றோர் பிரிந்ததால் விற்கப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைப் பற்றி எழுதியிருந்தார். சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றத் தாயும் தந்தையும் மாறி மாறி முயல்கிறார்கள், முடியவில்லை. "விடு" என்கிறார் ஒருவர், "நீ விடு" என்கிறார் மற்றவர். அந்தச் சச்சரவு சிரிப்பூட்டுவதுதான். ஆனால் மெட்டு ஒவ்வொரு முறையும் "விடு"வை இழுத்ததால், எனக்கு முதலிலிருந்தே "வீடு" என்றே கேட்டது. அவர் அதைக் கவனித்திருக்கவில்லை. முதல் இரண்டு முறையும் நறுக்கென்று குறிலாகவே பாடி, கடைசிச் சரணத்தில் ஒரே ஒருமுறை மட்டும் நீட்டிப் பாருங்கள் என்றேன். அங்கேயே பாடினார். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் அந்த நீட்டலில் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.