பிறவி மாறினாலும் அடையாளம் தெரிய வேண்டும்: சேலத்துக் களத்தில் ஒரு மங்கா பாத்திரம்

மங்காவில் (ஜப்பானியப் பாணிச் சித்திரக்கதையில்) மறுபிறவி எடுக்கும் ஒரு பாத்திரத்தை வரைகிறீர்களா? எல்லாப் பிறவிக்கும் ஒரே முகத்தை வரையாதீர்கள். வரைந்தால் சாகாவரம் பெற்ற ஆள் என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும். முகம் மாறட்டும், ஆண் பெண்ணாகட்டும். உடலில் ஓர் அடையாளமும் கையில் ஒரு பழக்கமும் மட்டும் மாறாமல் வந்தால் போதும். ஜப்பானிய மங்கா ஓவியர் ஒசாமு தெசுகாவின் ‘ஃபீனிக்ஸ்’ வரிசையில் சருதா என்ற பாத்திரம் காலம் மாறினாலும் அந்தப் பெரிய மூக்கோடுதான் வருவார். நிழலுருவிலேயே ஆளைத் தெரிந்துவிடும்.

மச்சம் உதவாது. 2 செ.மீ. உயரத் தலையில் அது மைத்துளி போலத்தான் தெரியும். முன்நெற்றியில் ஒரு வெள்ளை முடிக்கற்றை வையுங்கள். கற்றையின் இரு ஓரத்தையும் முதலில் கோடிட்டு அடைத்துவிட்டு, மை காய்ந்தபின் சுற்றிலும் கறுப்பை நிரப்புங்கள். அவசரப்பட்டால் மை உள்ளே ஊறி அடையாளமே போய்விடும். சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை பரவும். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள) தடித்த தாள் வாங்குங்கள். தலைப்பாகை கட்டும் பிறவியிலும் கற்றை வெளியே தொங்கட்டும்.

அடுத்து காலக்கணக்கு. இறந்து 12 ஆண்டில் மறுபிறப்பு என்று ஒரு விதி வைத்தால்: 1805–1838 சேலத்தை அடுத்த கஞ்சமலையில் இரும்பு உருக்குபவர், 1850–1898 ஏற்காடு காப்பித் தோட்டக் கூலிப்பெண், 1910–1962 சேலத்துப் படப்பிடிப்பு நிலையமான மாடர்ன் தியேட்டர்ஸில் லைட் பாய், 1974 முதல் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவள். விதியை ஓரிடத்தில் மீறினாலும் கதை முழுக்க நம்பிக்கை போய்விடும். பின்புலத்தையும் கவனியுங்கள்: கஞ்சமலை அடிவாரத்து உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது 1980களில்தான், முதல் பிறவியில் அதன் புகைபோக்கி எட்டிப்பார்க்கக் கூடாது.

பழக்கம்தான் இந்தப் பாத்திரத்தின் உயிர். உலோகத்தை இடக்கை நகத்தால் இருமுறை தட்டி, காதருகே வைத்துக் கேட்பது. இரும்புப் பாளம், தோட்டத்து மணி, ஃபிலிம் டப்பா, கொலுசு என்று பொருள் மாறும். கையின் கோணமும் ‘ணங் ணங்’ எழுத்தின் வடிவமும் மாறவே கூடாது. அந்தச் சித்திரக் கட்டத்தில் வசனம் வேண்டாம். முன்பிறவி நினைவு முழுதாகத் திரும்பினால் பயமே போய்விடும். தட்டும்போது கடைசி மரணத்தின் ஒரு நொடி மட்டும் வரட்டும். அந்தக் கட்டங்களின் இடைவெளியைக் கறுப்பாக நிரப்புங்கள்.

தமிழுக்குக் கட்டங்களை முதலிலிருந்தே இடமிருந்து வலமாக அமையுங்கள். ஜப்பானிய முறையில் வலமிருந்து இடமாக வரைந்துவிட்டுப் பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பினால், இடக்கை வலக்கையாகிவிடும்.