பழைய சர்வரை எடைக்குப் போடும் முன்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கம்ப்யூட்டர், நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பது என் தொழில். புது சர்வர் வந்து, டேலியும் சம்பள சாஃப்ட்வேரும் அதில் ஓட ஆரம்பித்ததும் பழையதைப் பற்றி முதலாளிகள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "தம்பி, அந்தப் பொட்டிய வேஸ்ட் எடுக்க வர்ற வண்டியிலயே ஏத்தி உட்ருங்க." விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபரில் ஆதரவை நிறுத்திய பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகமாகிவிட்டது. அந்த வண்டியில் ஏற்றாமல் வேறு என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.

முதலில், அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பையர் அனுப்பிய டெக் பேக் (உடையின் டிசைன், அளவு விவரம்), விலைக் கணக்குப் போட்ட காஸ்டிங் ஷீட், வங்கிக் கடிதங்கள். இவை கம்பெனியின் ரகசியம். இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது தொழிலாளர் விவரம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், பிஎஃப், இஎஸ்ஐ எண்கள், விரல் ரேகைப் பதிவு எல்லாம் அதில்தான் கிடக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கித் தைக்கும் பிள்ளைகள் வேலைக்குச் சேரும்போது கேட்ட காகிதத்தையெல்லாம் கொடுத்தார்கள். அது நம்மை நம்பிக் கொடுத்தது. நம் டிஸ்க்கில் இருப்பதாலேயே நம்முடையது ஆகிவிடாது. 2023-ம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தேவை முடிந்த தனிநபர் தகவலை அழிக்க வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அதில் இடம் இருக்கிறது.

பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் பெரிய நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லி, 2016-ல் டேட்டா சென்டர்களைக் காலி செய்தபோது, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் நிறுவனத்திடம் அந்த வேலையைக் கொடுத்தது. வாடிக்கையாளர் விவரம் அழியாத டிஸ்க்குகள் கைமாறி இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2022-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் போட்ட அபராதம் 3.5 கோடி டாலர். சுமார் ஒன்றரைக் கோடி வாடிக்கையாளர்களின் விவரம் சம்பந்தப்பட்ட விஷயம் அது.

ஆகவே நான் வைத்திருக்கும் விதி ஒன்றே ஒன்று: கம்பெனி கேட்டைத் தாண்டும் முன்பே டிஸ்க் காலியாகிவிட வேண்டும். பெட்டி எங்கே போகிறது என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அழிப்பதற்கு முன், இனி இது தேவையில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கப் இருக்கிறது என்று சொன்னால் போதாது. பழைய வருடத்து டேலி டேட்டாவைப் புது மெஷினில் ரெஸ்டோர் செய்து, பேலன்ஸ் ஷீட்டைத் திறந்து, அக்கவுண்ட்ஸ் பார்ப்பவரிடம் காட்டி, சரி என்று சொல்ல வையுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால் கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுகளுக்கு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவேடுகளுக்கு ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம். டேலி லைசென்ஸ் பழைய மெஷினில் இருந்தால் அங்கேயே சரண்டர் செய்துவிடுங்கள். ரூட்டரில் அந்த சர்வருக்குத் திறந்து வைத்த போர்ட்டுகளை மூடுங்கள்.

அடுத்து, எல்லா டிஸ்க்கையும் தேடிப் பிடிப்பது. முன்பக்கம் வரிசையாகத் தெரிபவை மட்டும் டிஸ்க் இல்லை. மதர்போர்டில் செருகிய எஸ்டி கார்டு, உள்ளே ஒளிந்திருக்கும் யுஎஸ்பி, போர்டோடு படுத்திருக்கும் எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவல் வைக்கும் டிஸ்க்) என்று எல்லாவற்றையும் பாருங்கள். முன்பு எப்போதோ ஃபெயிலாகி, மாற்றி, மேஜை டிராயரில் போட்ட டிஸ்க்கும் கணக்கில் சேரும். பலர் விட்டுவிடுவது அதைத்தான். சர்வரில் பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறைக்கு ரெய்டு என்று பெயர். "ரெய்டில் இருந்த ஒற்றை டிஸ்க்தானே, தனியா ஒண்ணும் படிக்க முடியாது" என்பார்கள். ரெய்டு 1 என்றால் அந்த ஒரு டிஸ்க்கிலேயே எல்லாமும் இருக்கும். ரெய்டு 5-ல் தகவல் துண்டுகளாகப் பிரிந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு துண்டு 64 கேபி, 256 கேபி அளவு இருக்கும். அதற்குள் சம்பளப் பட்டியலின் பல பக்கங்கள் முழுசாக அடங்கிவிடும்.

ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரை ஃபோட்டோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது. கடைசி வரை எல்லாச் சரிபார்ப்பும் இந்தத் தாளை வைத்துத்தான் நடக்கும்.

இனி அழிக்கும் வேலை. குவிக் ஃபார்மேட் செய்வதும், ரெய்டு கன்ட்ரோலரில் வால்யூமை டெலீட் செய்து ஃபாஸ்ட் இனிஷியலைஸ் கொடுப்பதும் அழிப்பது ஆகாது. அட்டவணையைத்தான் அவை துடைக்கின்றன, சரக்கு அப்படியே கிடக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு முறை பூஜ்ஜியம் எழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி வெளியிட்டிருக்கும் 800-88 வழிகாட்டியும் இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு முறை எழுதுவது பொதுவாகப் போதும் என்றே சொல்கிறது. நான் ஷ்ரெட்ஓஎஸ் என்ற இலவச சாஃப்ட்வேரை பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் செய்கிறேன். 4 டிபி டிஸ்க் ஒன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஓட விட்டால் காலையில் முடிந்திருக்கும். ரெய்டு கன்ட்ரோலர் டிஸ்க்குகளைத் தனித்தனியாகக் காட்டாவிட்டால், சாதா கம்ப்யூட்டரிலும் இருக்கும் சாட்டா இணைப்பு டிஸ்க் என்றால் கழற்றி சாதா டெஸ்க்டாப்பில் மாட்டலாம். சர்வருக்கென்று வரும் எஸ்ஏஎஸ் இணைப்பு டிஸ்க் அதில் பொருந்தாது. அதற்கு எச்பிஏ என்ற இணைப்பு கார்டு ஒன்று வேண்டும்.

எஸ்எஸ்டிக்கு இந்த முறை உதவாது. அதில் நம் கண்ணுக்குத் தெரியாத உபரி இடம் உண்டு. தேய்மானத்தைச் சமப்படுத்துவதற்காக எஸ்எஸ்டி தகவலை இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். மேலே பூஜ்ஜியம் எழுதினாலும் அந்த மறைவிடத்தில் பழையது தங்கிவிடலாம். அதனால் எஸ்எஸ்டிக்கே கட்டளை கொடுத்து, தன்னைத்தானே காலி செய்யச் சொல்ல வேண்டும். சாட்டா எஸ்எஸ்டி என்றால் லினக்ஸில் ஹெச்டிபார்ம் என்ற கருவி வழியாக செக்யூர் இரேஸ். என்விஎம்ஈ வகை எஸ்எஸ்டி என்றால் சானிடைஸ் கட்டளை. அது அந்த மாடலில் இல்லாவிட்டால் செக்யூர் இரேஸோடு சேர்ந்த ஃபார்மேட். டிஸ்க் 'ஃப்ரோசன்' என்று சொல்லி மறுத்தால் பயப்பட வேண்டாம், மெஷின் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் பயாஸ் போட்ட பூட்டு அது. மெஷினை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும்.

முடிந்ததும் சோதியுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில இடங்களைப் படித்துப் பாருங்கள். ஃபோட்டோரெக் போன்ற மீட்பு சாஃப்ட்வேரை ஓட்டி, ஒரு ஃபைலாவது எழுந்து வருகிறதா என்றும் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் சீரியல் எண்ணுக்கு எதிரே தேதி போட்டுக் கையெழுத்து. இன்னொருவரின் கையெழுத்தும் வேண்டும். தனி ஆள் பொறுப்பாக இதை விடக் கூடாது.

எதற்கு இவ்வளவு பாடு, சுத்தியலால் அடித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரியாக அழித்த டிஸ்க் இன்னும் சில வருடம் எங்காவது உழைக்கும். நல்ல டிஸ்க்கை நொறுக்கினால் இன்னொன்றைத் தோண்டியெடுத்த உலோகத்திலிருந்து செய்ய வேண்டி வருகிறது. உடைப்பது, கட்டளைக்குப் பதில் சொல்லாத டிஸ்க்குக்கு மட்டும். அதிலும் டிரில் போட்டு ஒரு ஓட்டை என்பது அரைகுறை வேலைதான். லேப்டாப் அளவு டிஸ்க்கில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சில்லுகள் கண்ணில் தெறிக்கும். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு சிப்பும் தனித்தனியாக உடைந்தாக வேண்டும். செத்த டிஸ்க்குகளைப் பூட்டிய பெட்டியில் சேர்த்து வைத்து, ஷ்ரெடர் உள்ள மறுசுழற்சியாளரிடம், நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கும்படி அரைக்கக் கொடுப்பதே சரி. வாரண்டியில் இருக்கும் டிஸ்க் ஃபெயிலானால் டெல், எச்பிஈ இரண்டிலும் அதை நாமே வைத்துக்கொள்ளும் சேவை இருக்கிறது. புது சர்வர் வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

டிஸ்க்கோடு முடிந்துவிடவில்லை. சர்வரைத் தூரத்திலிருந்தே நிர்வகிக்க உதவும் டெல்லின் ஐடிராக், எச்பிஈயின் ஐஎல்ஓ ஆகியவற்றில் பாஸ்வேர்டும் ஐபி விவரமும் உட்கார்ந்திருக்கும். அவற்றை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வாசலில் இருக்கும் விரல் ரேகை மெஷின், சிசிடிவி ரெக்கார்டர், ஜெராக்ஸ் மெஷினில் உள்ள டிஸ்க் இவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். சர்வரைக் கண்ணும் கருத்துமாகத் துடைத்துவிட்டு, ஆயிரம் பேர் ரேகை உள்ள அட்டெண்டன்ஸ் மெஷினைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது எங்கள் ஊரில் சாதாரணமாக நடக்கிறது.

சரி, இப்போது பெட்டி. காயலான் கடைக்காரர் எடைக்குக் காசு தருவார், சந்தேகமில்லை. அதன் பிறகு என்ன ஆகும்? இரும்பு ஒரு பக்கம் போகும். வயரில் உள்ள செம்புக்காக பிவிசியைத் திறந்தவெளியில் எரிப்பார்கள், டையாக்சின் என்ற நச்சு கிளம்பும். போர்டில் உள்ள துளித் தங்கத்துக்காக ஆசிடில் ஊறப் போடுவார்கள். மிச்ச ஆசிடும் ஈயமும் மண்ணில் இறங்கும். டெல்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேச மொராதாபாத்திலும் இது பல காலம் தெருத் தொழிலாகவே நடந்தது. பாதிக்கப்பட்டது அதைச் செய்த குடும்பங்கள்தான். சாயக் கழிவால் நொய்யல் ஆறு என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. இன்னொரு ஊரின் தண்ணீருக்கு நாம் அதைச் செய்ய வேண்டாம்.

மின்கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பது 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. ஒரு நிதியாண்டில் ஆயிரம் மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் மொத்த நுகர்வோர் என்ற கணக்கில் வரும். அப்படிப்பட்டவர்கள் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்கலாம். நம் கம்பெனி அந்த எண்ணிக்கையைத் தொடாவிட்டாலும் இதே வழியில் போங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களைத் தேடலாம். ஒருவர் "லைசென்ஸ் இருக்குங்க" என்று காகிதம் நீட்டினால், பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, மறுசுழற்சியாளர் என்றே இருக்கிறதா என்று படியுங்கள். 2016 விதிகளில் சேகரிப்பவர், பிரித்தெடுப்பவர் என்று இருந்த வகைகள் புதிய விதிகளின் பதிவில் இல்லை. பழைய காகிதத்தை வைத்துக்கொண்டு சரக்கு எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் மறுசுழற்சிக்கு முன்னால் மறுபயன்பாடு. ரேம், பவர் சப்ளை, டிஸ்க் டிரே ஆகியவற்றுக்குக் கிராக்கி உண்டு, புதுப்பிப்பவர்கள் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்துக்குத் தானம் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். ரேக் சர்வர் போடும் சத்தத்துக்கும் குடிக்கும் கரண்டுக்கும் வகுப்பறை தாங்காது. நெட்வொர்க் பாடம் நடத்தும் பாலிடெக்னிக் எதுவும் கேட்டால் கொடுங்கள், நாமாகத் தலையில் கட்ட வேண்டாம்.

வண்டி வரும் முன் பேட்டரிகளைக் கழற்றுங்கள். ரெய்டு கார்டில் இருக்கும் லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். யுபிஎஸ் பேட்டரிக்குப் பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022 தனியாக இருக்கிறது. புது பேட்டரி வாங்கும் டீலரிடமே பழையதைத் திருப்பிக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஒப்படைக்கும்போது டெலிவரி சலான், இன்வாய்ஸ், எடைச் சீட்டு மூன்றும் வேண்டும். சில நாள் கழித்து வரும் அழிப்புச் சான்றிதழில் "பழைய கம்ப்யூட்டர், 1 லாட்" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். ஒவ்வொரு சர்வரின் சீரியல் எண்ணும், அரைத்த ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணும் அதில் இருந்தாக வேண்டும். முதலில் எழுதிய தாளோடு வரி வரியாக ஒத்துப் பார்த்து, பிறகுதான் சொத்துப் பதிவேட்டிலிருந்து சர்வரை நீக்கச் சொல்லுங்கள். தாள், சான்றிதழ், சலான் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு, பையர் ஆடிட்டுக்கு எடுத்துக் காட்டும் ஆவணங்களோடு வைத்துவிடுங்கள்.