ட்ரோனை இறக்குங்கள், வரியைப் படியுங்கள்

ஏற்காட்டில் பாட்டு எடுக்கக் கிளம்புகிற எல்லோரும் முதலில் ட்ரோனைத்தான் பறக்கவிடுவார்கள், நாங்களும் அதையேதான் செய்தோம். மலையை விட்டு சேலத்துக்கு வேலைக்குப் போன அண்ணனை நினைத்துத் தம்பி பாடுகிற பாட்டு. ஏரி, பனி எல்லாம் அழகாகத்தான் விழுந்தது. ஓட்டிப் பார்த்தால் லாட்ஜ் விளம்பரம். தம்பியின் ஏக்கம் பருந்துக்கு எப்படித் தெரியும்?

அதனால் லொகேஷன் தேடும் முன் வரிகளை ஒரு தாளில் எழுதி, யார் யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் பாருங்கள். 'நான்' என்று வருகிற இடத்தில் பாடுகிறவன் பார்ப்பதைக் காட்டலாம். 'நீ' என்றால் நேராக லென்ஸைப் பார்த்துப் பாடட்டும், பார்க்கிறவருக்குத் தன்னையே கேட்ட மாதிரி இருக்கும். 'அவன்', 'அவள்' என்றால் தள்ளிப் போய் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து எடுங்கள். இது சட்டமில்லை, தொடங்குவதற்கு ஒரு பிடி.

இரண்டாம் முறை சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே எடுத்தோம். 20 கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவு வரைக்கும் ஜன்னலில் கீழே சேலம் தெரியும், அடுத்ததில் திரும்பியதும் வெறும் பாறைச் சுவர், மறுபடி சேலம். அண்ணன் இருக்கிற ஊர் வருவதும் மறைவதுமாக! 'வருவாயா' என்ற வரியை ஊர் தெரியும் இடத்திலும், வெறும் முனகலைப் பாறையிலும் வைத்தோம், அவ்வளவுதான், பாட்டு உட்கார்ந்துவிட்டது.

இரண்டாம் சரணம் சின்ன வயசு ஞாபகம். அங்கே கேமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். அண்ணனின் கையும் தோள் துண்டின் நுனியும்தான் தெரியும், முகம் தெரியாது.

அடிவாரம் தாண்டியதும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவையும் காட்டலாம் என்றான் ஒருவன். 1930களில் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டூடியோ, ஆசை யாருக்குத்தான் இருக்காது? ஆனால் தம்பிக்கும் அதற்கும் என்ன உறவு, விட்டுவிட்டோம்.

அப்புறம் ஒன்று, ஸ்லோ மோஷனில் வாயசைப்பு வேண்டுமென்றால் நொடிக்கு 50 ஃபிரேமில் எடுத்து 25இல் ஓட்டுங்கள், எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டுப் பாடவையுங்கள், இல்லாவிட்டால் உதடு ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம் போகும்.

கடைசி ஷாட் மலை மேலே லேடீஸ் சீட் என்கிற காட்சி முனையில், இருட்டிய பிறகு. கீழே சேலம் முழுக்க விளக்கு. தம்பியின் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்துவிட்டு, பாட்டு முடிந்த பிறகும் பத்து நொடி கட் சொல்லாமல் இருந்தோம்.